முதுகில்லாத யாளி: பெரிய போர்விளையாட்டுச் சிற்பம் ஒன்று உருவான கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது நடந்தது கானாடுகாத்தானை ஒட்டிய ஒரு செட்டிநாட்டு ஊரில். செய்தவருக்கு முப்பது வயது நெருங்குகிறது. இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. அவரும் நானும் இன்னும் மூன்று பேரும் காரைக்குடியில் அவ்வப்போது கூடிப் போர்விளையாட்டு ஆடுகிறவர்கள். மேஜைமேல் குன்றும் காடும் இடிந்த கோட்டையும் அமைத்து, சின்னச் சின்னப் பொம்மைப் படைகளை அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். பொம்மைகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவு. உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரை அவ்வளவு என்பது கணக்கு.

செய்தவர் ஏற்கெனவே கை பழகியவர்தான். கடையில் வாங்கிய வீரனுக்குத் தலை மாற்றுவது, ஈட்டி செய்து கொடுப்பது, பிறகு ஒன்றிரண்டு முழு உருவங்கள் என்று படிப்படியாக வந்தவர். ஆனால் பெரிய உருவம் எதையும் அவர் செய்ததில்லை. எங்கள் ஆட்டத்துக்கு ஒரு பெரும் மிருகம் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேர்ந்து விலை எக்கச்சக்கம். "நானே செய்றேன், ஆனா டிராகன் வேண்டாம், யாளி" என்றார். யாருடைய காப்புரிமையிலும் கை வைக்காத மிருகம், எங்கள் பக்கத்து மண்டபங்களில் தூணுக்குத் தூண் நிற்கிற மிருகம். எல்லோரும் உடனே சரி என்றோம்.

நான் இதில் ஓரமாக இருந்தவன். வடிவம் செய்ததில் எனக்குப் பங்கில்லை. கடைசியில் வண்ணம் அடித்தது மட்டும் நான். நடந்ததை அவரிடமும், இதில் வந்து சேர்ந்த ஒரு சுதை வேலைக்காரரிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

திட்டம்

முன்னங்கால்களைத் தூக்கி, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளி. சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண்கள், பிடரியில் சுருள்கள், கழுத்தில் மணிமாலை. உயரம் 18 சென்டிமீட்டர். 28 மில்லிமீட்டர் அளவுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் பத்து மீட்டருக்குமேல் நிற்கும் விலங்கு. அடித்தட்டு 120க்கு 92 மில்லிமீட்டர் நீள்வட்டம். பெரிய மிருகங்களுக்கு ஆட்டக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவுகளில் ஒன்று.

தொழில்முறை வரைபடக்காரர் என்பதால் முன், பின், பக்கவாட்டு, மேல் என்று நான்கு தோற்றங்களை நிஜ அளவில் தாளில் போட்டார். முன்தோற்றமும் பக்கவாட்டும் அழகாக வந்தன. மேல்தோற்றத்திலும் பின்தோற்றத்திலும் வெறும் வெளிக்கோடுதான் இருந்தது. மாதிரிக்காக மதுரை புதுமண்டபத்துத் தூண்களிலும் அக்கம்பக்கத்துக் கோயில்களிலும் படம் எடுத்து வந்திருந்தார். எந்தப் படத்திலும் யாளியின் முதுகு இல்லை. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

பொருள் விஷயத்தில் அவர் எடுத்த முடிவு இது. வடிவத்தின் உள்ளே அலுமினியக் கம்பியும் கசக்கிய அலுமினியத் தாளும். அதன்மேல் உடற்சதைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபாக எபாக்சி புட்டி (இரண்டு பாகத்தையும் பிசைந்தால் இறுகும்). மேற்பரப்பு நுணுக்கத்துக்கு மட்டும் நீலமும் மஞ்சளும் பிசைந்தால் பச்சையாகும் 'கிரீன் ஸ்டஃப்'. பாலிமர் களிமண்ணையும் யோசித்தார். அதை 130 டிகிரி அளவில் சுட்டால்தான் இறுகும். வீட்டில் அடுமனை அடுப்பு இல்லை, வெயில் காலத்தில் சுடுவதற்கு முன்பே கை பட்ட இடமெல்லாம் அமுங்கும் என்று விட்டுவிட்டார். நியாயமான முடிவு.

முதல் எலும்புக்கூடு

2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை முறுக்கி உடல், கால், வால், துதிக்கை எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக வளைத்தார். மனித உருவத்துக்கு இதைவிட மெல்லிய கம்பியே போதும். கையால் வளைக்கலாம், நிலையை மாற்றிப் பார்க்கலாம் என்பது அலுமினியத்தின் வசதி.

அந்த வசதியே இங்கே எதிராக வேலை செய்தது. மார்பிலும் தலையிலும் புட்டி ஏற ஏற, எடை முழுக்கக் கணுக்காலில் இறங்கியது. தலையில் கருவி வைத்து அழுத்தும் ஒவ்வொரு தடவையும் உருவம் மயிரிழை அளவு ஆடியது. கம்பி வளையும், அதன்மேல் இறுகிய புட்டி வளையாது. இடது கணுக்காலில் வளையம்போல ஒரு விரிசல் வந்தது. பூசி மூடினார். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வந்தது. இன்னொரு கோளாறும் சேர்ந்தது: வழவழப்பான கம்பியைப் புட்டி கவ்வவில்லை. துதிக்கையைத் திருப்பினால் உள்ளே கம்பி தனியாகச் சுழன்றது.

இந்தக் கட்டத்தில் மற்றவர்கள் செய்வது, புட்டியை இன்னும் தடிமனாக்கிக் காலை உருளைக்கட்டையாக மாற்றுவது. அவரும் அதைத் தொடங்கியிருந்தார்.

"தூண் எங்க?"

பக்கத்து வீட்டு முகப்பில் அப்போது சுதை வேலை நடந்துகொண்டிருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் கைப்பிடிச் சுவர்களில் லட்சுமியும் சிப்பாயும் பறவைகளும் சுதையில் நிற்பது தெரிந்ததே. அந்த உருவங்களில் சிலவற்றை இரும்புக் கம்பி வைத்துப் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள். உள்ளே இரும்பு துருப்பிடித்துப் பருத்து, சுதையைப் பிளந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த இடத்தில் மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குத் தூண் எங்க?"

"தூண் கிடையாதுண்ணே, தனியாத்தான் நிக்கணும்."

"தூணில்லாம யாளி எப்படி நிக்கும்? அது நிக்கிறதே தூணு மேல சாஞ்சுக்கிட்டுத்தானே."

மண்டபத்துத் தூணில் யாளியும் தூணும் ஒரே கல். எழுந்து நிற்கும் விலங்கின் எடையை முதுகுப்பக்கத்துக் கல் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அந்தச் சிற்பிகளால் பின்னங்கால்களை அவ்வளவு ஒடுக்கமாகக் காட்ட முடிந்தது. செய்தவர் தோற்றத்தை எடுத்துக்கொண்டு தாங்குவதை விட்டுவிட்டார். அந்தக் கேள்வியில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று அன்றே புரிந்தது, இன்னொன்றுக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் விஷயத்துக்குச் சுதைக்காரர் சொன்ன வழி: "கம்பியைக் கால் வழியா தரைக்குள்ள இறக்குங்க. காலோட நிறுத்தாதீங்க. அப்புறம் கம்பி மேல சன்னக் கம்பி சுத்துங்க, இல்லாட்டி பூச்சு பிடிக்காது." சுதையில் அவர்கள் கம்பிக்கட்டின்மேல் சன்னக் கம்பியோ வலையோ சுற்றுவது இதற்காகத்தான்.

செய்தவர் பழைய உருவத்தை ஓரம் வைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். இரண்டு பின்னங்கால்களிலும் 3 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, லேத் பட்டறையில் பிடிகருவியில் மாட்டி முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் வளைத்தது. இரண்டும் பாதத்தைத் தாண்டி ஒரு பழைய தேக்குப் பலகைக்குள் இறங்கின. (இடித்த வீட்டுத் தேக்குத் துண்டுக்குக் காரைக்குடியில் பஞ்சமில்லை.) வாலைத் தரை தொடும்படி வளைத்து அதையும் மூன்றாவது காலாக்கினார். மோட்டார் வைண்டிங் கடையில் கிடைத்த செப்புக் கம்பியை எல்லாவற்றின்மேலும் இடைவெளி விட்டுச் சுற்றினார். துதிக்கைக்கும் முன்னங்கால்களுக்கும் மட்டும் அலுமினியம். அங்கே எடை இல்லை, நிலையை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. துருப் பயம் இங்கே இல்லை. சுதைபோல எபாக்சி ஈரத்தை உறிஞ்சாது, உருவமும் மழையில் நிற்கப்போவதில்லை.

கணுக்கால் விரிசல் அதன்பின் வரவே இல்லை. கால் மெலிதாகவும் இருந்தது.

வெயில்

சித்திரை, வைகாசியில் காரைக்குடிப் பக்கம் 38, 39 டிகிரி சாதாரணம். கிரீன் ஸ்டஃப் பிசைந்தபின் குளிர்ந்த நாடுகளில் ஒன்றரை மணி நேரம்வரை வேலை செய்யலாம். மாடி அறையில் அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் சூயிங்கம்போல ஒட்டுகிறது, திடீரென்று ரப்பராகிவிடுகிறது. நடுவில் வேலைக்கு ஏற்ற பதம் என்று ஒன்று வருவதே தெரியவில்லை. நாடாவாக வரும் புட்டியில் நீலமும் மஞ்சளும் தொடும் நடுக்கோடு முன்பே இறுகியிருக்கும்; சூட்டில் அந்தக் கோடு இன்னும் அகலமாகிக் குருணை குருணையாகக் கையில் தட்டியது.

அவர் செய்த மாற்றங்கள் எளியவை. நடுக்கோட்டை வெட்டி எறிந்தார். நாடாவை வாங்கியவுடனேயே இரண்டு நிறத்தையும் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். ஒரு தடவைக்குச் சுண்டைக்காய் அளவுதான் பிசைவது. மாடியை விட்டு இறங்கி, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் (முகப்பைத் தாண்டிய உள்பகுதி) மேஜையைப் போட்டார். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் வெயிலின் கடுமையைக் குறைத்தன. வேலை விடியற்காலையில்.

இன்னொரு முடிவு எனக்குப் பிடித்தது. கிரீன் ஸ்டஃப் இறுகியபின்னும் கொஞ்சம் வளையும் தன்மை உள்ளது. அரமோ உப்புத்தாளோ அதில் சரியாக ஓடாது. மில்லிபுட் போன்ற புட்டி கல்லாக இறுகும், தேய்க்கலாம், ஆனால் மெல்லிய பாகம் எளிதில் ஒடியும். இரண்டையும் கலந்து பிசைந்தால் நடுத்தரமான ஒன்று கிடைக்கும். உருவம் செய்பவர்கள் பலரும் செய்வதுதான் இது. தந்தம், நகம், கொம்பு முதலியவற்றைக் கலவையிலும், பிடரிச் சுருளையும் மணிமாலையையும் கலக்காத கிரீன் ஸ்டஃபிலும் செய்தார். கையுறை போட்டுத்தான் பிசைந்தார், தேய்க்கும்போது முகக்கவசமும் நனைத்த தாளும். எபாக்சி தோலில் ஒவ்வாமை வரவழைத்தால் அது வாழ்நாளுக்கும் விடாது.

முகமும் சாய்வும்

சுதைக்காரர் வேலை முடியும்வரை மாலையில் வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முகத்தைப் பார்த்து, "கண்ணு இன்னும் பிதுங்கணும், கோடு இன்னும் ஆழமாப் போகணும்" என்றார். கோபுரத்திலும் முகப்பிலும் உள்ள உருவத்தை நாற்பது அடிக்குக் கீழே நின்று பார்க்கிறோம். மென்மையாகச் செய்தால் வெறும் சுவர் மாதிரிதான் தெரியும். அதோடு ஒவ்வொரு குடமுழுக்குக்கும் பூசுகிற சுண்ணாம்பும் வண்ணமும் கோடுகளை அடைத்துக்கொண்டே வரும். அந்த அடைப்புக்கும் சேர்த்தே ஆழம் வைக்கிறார்கள்.

பொம்மைக்கும் இது அப்படியே பொருந்துகிறது என்பது எனக்கே வியப்பு. மேஜைமேல் உள்ளதை ஆட்டக்காரர் இரண்டு மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறார். ப்ரைமரும் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) வண்ணமும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. பள்ளத்தில் தேங்கும் நீர்த்த வண்ணமும், மேட்டில் மட்டும் படும் உலர்ந்த தூரிகையும்தான் எங்கள் வேலையின் உயிர். பள்ளமும் மேடும் தைரியமாக இல்லாவிட்டால் இரண்டும் பலிக்காது. செய்தவர் முதலில் துதிக்கையில் நகத்தால் கீறியதுபோல மெல்லிய சுருக்கங்கள் போட்டிருந்தார். சாம்பல் ப்ரைமர் அடித்துப் பார்த்தபோது பாதி காணாமல் போயின. அவற்றை வழித்துவிட்டு, எண்ணிக்கையைக் குறைத்து, ஆழத்தைக் கூட்டினார்.

அடுத்து சுதைக்காரர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "தலையைக் கீழ சாய்ங்க தம்பி, அப்பத்தான் மூஞ்சி தெரியும்." கோபுரத்துக்கு அது சரி, பார்ப்பவர் கீழே இருக்கிறார். எங்கள் பார்வை மேலிருந்து இறங்குகிறது. தலை சாய்ந்தால் பிடரி மட்டுமே தெரியும். செய்தவர் பலகையைத் தரையில் வைத்து, நின்றபடி கீழே பார்த்தார். பிறகு கழுத்தில் வெட்டி, ஆப்பு வைத்துத் தலையை மேல்நோக்கித் திருப்பினார். சுதைக்காரருக்கு இது கடைசிவரை ஒப்பவில்லை, "மானத்தைப் பாக்குது" என்றார்.

முதுகு

அப்படி மேலிருந்து பார்த்த அன்றுதான் இரண்டாவது விஷயம் புரிந்தது. ஆட்டத்தில் இந்த யாளி எதிரியை நோக்கி நிற்கும். அதன் சொந்தக்காரர் ஆட்டம் முழுக்க அதன் முதுகைத்தான் பார்ப்பார். மற்றவர்களுக்கும் மேலிருந்து தோளும் முதுகும் பிடரியும்தான் பெரும்பகுதி. ஆனால் தூண் யாளிக்கு முதுகே கிடையாது. எந்த மாதிரியிலும் அது இல்லை. பார்த்துச் செய்ய எதுவுமில்லை.

மூன்று வழிகள் பேசப்பட்டன. அம்பாரி வைத்து மறைப்பது ஒன்று. பாகனும் படையும் சேர்ந்தால் ஆட்ட விதியில் வேறு வகை ஆகிவிடும் என்று தள்ளினோம். பாறையில் சாய்ப்பது இன்னொன்று. அது தூணைத் திரும்பக் கொண்டுவருவதுதான். மூன்றாவது, முதுகைப் புதிதாகக் கற்பனை செய்வது. அதையே எடுத்தார்.

உடற்கூறுக்கு வீட்டு நாய் உதவியது. அது சன்னல் திண்டில் முன்னங்கால் வைத்து எழும்போது தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கி வந்து நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது, இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்குகிறது. அந்தப் பள்ளத்தை யாளிக்குக் கொடுத்தார். பிடரிச் சுருள்களை முதுகெலும்பு வழியே வால்வரை இறக்கினார், போகப்போகச் சிறிதாகும்படி. சுருள்களை வாலிலிருந்து தொடங்கிக் கழுத்தை நோக்கி வைத்தார். அப்போதுதான் மேல்வரிசை கீழ்வரிசையின் வேரை மூடும். செதில், இறகு எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். தலையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு துண்டையும் முந்தையதன் அடியில் திணிக்க வேண்டியிருக்கும். மார்பு மாலையின் கச்சையை முதுகில் குறுக்காகக் கட்டி, முடிச்சில் ஒரு பெரிய மணி வைத்தார்.

என் கருத்தில் இந்தச் சிற்பத்தின் சிறந்த பகுதி அந்த முதுகு. முகத்தில் பல நூறு வருடப் பழக்கத்தைப் பின்பற்றினார், முதுகில் யோசித்திருக்கிறார். ஆனால் அதற்கு முன்பே வயிற்றிலும் உள்தொடையிலும் முத்துச்சரங்களை நுணுக்கி நுணுக்கிச் செய்து முடித்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்தான் அவை தெரியும்.

அச்சும் மழையும்

ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று வேண்டும் என்று முடிவானது, ஆகவே சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, அதில் ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றி வார்ப்பது. இந்த முடிவு தாமதமாக வந்தது பெரிய சிக்கல். உள்நோக்கி மடியும் இடங்கள் அதிகமிருந்தால் இறுகிய சிலிகானிலிருந்து உருவம் வெளிவராது. வந்தாலும் ஏதாவது ஒன்று கிழியும், அல்லது ஒடியும். சுருண்ட துதிக்கை, தூக்கிய முன்னங்கால்கள், தரை தொடும் வால் எல்லாமே அப்படிப்பட்டவை. முடித்த உருவத்தை அறுக்க வேண்டியதாயிற்று. மணிமாலையின் அடியில் தலையைப் பிரித்தார்; மூட்டு மாலைக்குள் மறைந்துவிடும். துதிக்கை, முன்னங்கால்கள், வால் தனித்தனி. இரும்புக் கம்பி இருக்கும் இடங்களை முடிந்தவரை தவிர்த்து அறுக்க வேண்டியிருந்தது. வால் அறுபட்டபோது நுனி ஒடிந்து, மறுபடி செய்யப்பட்டது.

சிலிகானில் பிளாட்டினம் வகை, தகரம் வகை என்று இரண்டு. பிளாட்டினம் வகை அதிக நாள் உழைக்கும், ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ, முழுதும் இறுகாத எபாக்சியோ தொட்ட இடத்தில் பிசுபிசுவென்று நின்றுவிடும். பலவகைப் புட்டி கலந்த உருவம் என்பதால் தகரம் வகையை எடுத்தார். ஐந்து வார்ப்புக்கு அது தாராளம். அச்சின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் வாசலின் தடவினார்.

வார்க்கத் தொடங்கியபோது ஐப்பசி அடைமழை. பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி நுரைக்கும். முதலில் வார்த்தவை உள்ளேயும் மேலேயும் குமிழிகளாகவே வந்தன. நகமும் தந்த நுனியும் இல்லை. நுனிகளில் காற்று வெளியேற வழி வெட்டியதில் நுனிக்குறை தீர்ந்தது, நுரை தீரவில்லை. திறந்து வைத்திருந்த பாட்டிலில் ரெசின் ஈரத்தை இழுத்துக்கொண்டுவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். தை பிறந்து வானம் வெளுத்தபின், புதிய ரெசின் வாங்கி வார்த்தவை சுத்தமாக வந்தன. வார்ப்புகளின் மூட்டுகளுக்குப் பித்தளைக் கம்பி. துதிக்கைக்கும் தலைக்கும் சிறு காந்தங்கள்; கழற்றி டப்பாவில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோகலாம்.

மேஜையில்

வார்ப்பில் உள்ளே இரும்பு இல்லாததால் மேல்பாகம் கனத்துப் பின்னால் சாய்ந்தது. அடித்தட்டின் முன்பக்க அடியில் இரும்பு வாஷர்கள் ஒட்டியதில் நின்றது. தூக்கிய முன்னங்கால்கள் அடித்தட்டைத் தாண்டி நீண்டதால், எதிரிப் படையை அடித்தட்டோடு அடித்தட்டு ஒட்டி நிறுத்த முடியவில்லை. காலடியில் ஒரு பாறை வைத்து உருவத்தை உயர்த்தியபின், மனித உயரப் பொம்மைகள் முன்னங்கால்களுக்கு அடியில் நின்றுகொள்கின்றன. பார்க்கவும் அது நன்றாகத்தான் இருக்கிறது.

வண்ணம் அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதுகுச் சுருள்கள் தூரிகைக்குத் தானாக வழி காட்டின, வயிற்று முத்துகளை நான் ஒரே நிறத்தில் மூடிவிட்டேன். மற்ற நால்வரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

மறுபடி செய்தால்

செய்தவர் இரண்டாவது யாளிக்குத் தயாராகிறார். பார்க்கும் கோணத்தை முதலில் முடிவு செய்து, மேல்தோற்றத்தை முழுதாக வரைந்தபிறகே கம்பி வளைப்பதாகச் சொல்கிறார். எங்கே அறுப்பது என்பதைக் கம்பிக்கட்டிலேயே குறித்து, பாகங்களைத் தொடக்கத்திலிருந்தே பிரித்துச் செய்வார். அறுக்கும் இடத்தில் இரும்பு குறுக்கிடாது. முன்கால் நீட்டத்தை அடித்தட்டுக்குள் அடக்கப் போகிறார். வார்ப்பு, மாசி முதல் ஆனி வரை மட்டும். வயிற்றில் நுணுக்கம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இழுபறி. இந்தத் தடவை முறிந்த தூண் ஒன்றையும் சேர்த்து, யாளி அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதாகக் காட்டலாம் என்கிறார் அவர். சுதைக்காரரும் போனில் அதற்கே கட்சி. முதுகில் பாதி மறைந்துவிடும் என்பது என் எதிர்ப்பு. சிலிகான் வாங்குவதற்கு முன் இது தீர்ந்தாக வேண்டும்; தூண் சேர்ந்தால் உடலுக்கான அச்சை இரண்டுக்குப் பதில் மூன்று துண்டாகப் போட வேண்டியிருக்கும்.